தீ, புகை, நீர் சிமுலேஷன்: உங்கள் ஷாட்டுக்கு எந்த மென்பொருள் என்று நீங்களே சோதித்துப் பார்க்கும் முழு வழிகாட்டி

புதிதாகக் கற்றுக்கொள்ளும் ஒருவர் இரண்டு வீடியோக்களை அடுத்தடுத்து ஓட்டிக் காட்டினார். இரண்டும் 3டி மென்பொருளில் செய்தவை: ஒன்று பிளெண்டரில் செய்த தீ, மற்றது ஹூடினியில் செய்தது. "பிளெண்டர் தீ மந்தமா இருக்கு, ஹூடினிதான் உசத்தி" என்றார். கோப்புகளைத் திறந்து பார்த்தேன். ஒன்றில் விறகின் நீளம் 8 மீட்டர், மற்றதில் 80 சென்டிமீட்டர். அவர் இத்தனை நேரம் ஒப்பிட்டுக்கொண்டிருந்தது விறகைத்தான்.

இந்தத் துறையில் பாதி ஒப்பீடுகள் இப்படித்தான் முடிகின்றன. காட்சியின் அளவு வேறு, வோக்சல் (இடத்தை வெட்டும் சிறு கனசதுரம்) வேறு, ஷேடர் (நிறமும் ஒளியும் தரும் அமைப்பு) வேறு. பழியும் புகழும் மட்டும் மென்பொருளுக்கு. இந்த வழிகாட்டி, ஒரே காட்சியை இரண்டு மூன்று மென்பொருள்களில் நியாயமாக ஓட்டிப் பார்த்து முடிவெடுப்பதற்கானது. வரிசையை மாற்றாதீர்கள். முன்னால் உள்ள படியில் தவறினால் பின்னால் வரும் அளவீடு எதற்கும் மதிப்பில்லை.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

எஸ்எஸ்டி வட்டில் குறைந்தது 200 ஜிபி காலி இடம். சோதனைகளுக்கு 16 ஜிபி ரேம் போதும். 32 இருந்தால் நிம்மதி. கிராபிக்ஸ் கார்டின் நினைவகம் எவ்வளவு என்று இப்போதே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள், அடுத்த படிகளில் அடிக்கடி தேவைப்படும். அப்புறம் ஒரு விரிதாள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் வோக்சல் அளவு, எடுத்த நேரம், கேஷின் (சிமுலேஷன் முடிவுகளைச் சேமிக்கும் கோப்புகளின்) அளவு மூன்றையும் அதில் எழுதுங்கள். நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தவர்கள் எல்லாரும் மூன்றாவது ஓட்டத்தில் குழம்பியதைப் பார்த்திருக்கிறேன்.

1. ஷாட்டை நான்கு வரியில் எழுதுங்கள்

மென்பொருளைத் திறக்கும் முன் இதைச் செய்யுங்கள். என்ன எரிகிறது அல்லது ஓடுகிறது, கேமரா எவ்வளவு தள்ளி இருக்கிறது, எத்தனை நொடி, எந்தப் பொருள் அதைத் தொடுகிறது. உதாரணமாக: "முகாம் தீ. கேமரா 2 மீட்டர் தள்ளி. 5 நொடி. நடுவில் ஒரு கை தீயின் குறுக்கே போகிறது."

கடைசி வரிதான் முக்கியம். எதுவும் தொடாத தீயை எந்த மென்பொருளும் ஓரளவு அழகாகத் தரும். நகரும் பொருள் உள்ளே நுழையும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

எழுதிப் பார்த்தால் சில ஷாட்டுகளுக்குச் சிமுலேஷனே வேண்டாம் என்று புரியும். தூரத்து மலையில் எழும் புகைக்கு, ஏற்கெனவே செய்து வைத்த வால்யூம் கோப்பு (புகையைச் சேமித்த கோப்பு) ஒன்று போதும். கடலும் அப்படித்தான்: முழுக் கடலையும் சிமுலேட் செய்ய வேண்டியதில்லை. அலைகளைச் சூத்திரத்தில் உருவாக்கும் ஓஷன் கருவி பெரும்பாலான மென்பொருள்களில் இருக்கிறது. படகைச் சுற்றியுள்ள சிறு பகுதியை மட்டும் நிஜ நீராக ஓட்டி அதனுடன் ஒட்டவைப்பதே வழக்கம்.

2. வோக்சல் கணக்கைக் காகிதத்தில் போடுங்கள்

தீ, புகைச் சிமுலேஷன் என்பது இடத்தைச் சின்னச் சின்னக் கனசதுரங்களாக வெட்டி, ஒவ்வொன்றிலும் அடர்த்தி, வெப்பம், வேகம் என்று எண்களை வைத்துக் கணக்கிடுவது. அந்தக் கனசதுரம்தான் வோக்சல். உங்கள் கணினி எதைத் தாங்கும் என்பதை ஒரு பெருக்கலிலேயே தெரிந்துகொள்ளலாம்.

3 மீட்டர் அகலம், 3 மீட்டர் ஆழம், 4.5 மீட்டர் உயரம் உள்ள டொமைன் (சிமுலேஷன் நடக்கும் பெட்டி) என்று வைத்துக்கொள்வோம். வோக்சல் 3 சென்டிமீட்டர் என்றால் 100 × 100 × 150, அதாவது 15 லட்சம். எந்தக் கணினியும் தாங்கும். 1 சென்டிமீட்டர் என்றால் 300 × 300 × 450, அதாவது 4 கோடியே 5 லட்சம். ஒரு எண்ணுக்கு 4 பைட் வீதம் ஒரு சேனலுக்கு 162 எம்பி. அடர்த்தி, வெப்பம், எரிபொருள், சுடர், வேகத்தின் மூன்று திசைகள், அழுத்தம் என்று ஒரு பத்துச் சேனல் போட்டால் 1.6 ஜிபி. சால்வர் (இந்தக் கணக்கைப் போடும் நிரல்) தற்காலிகமாக எடுத்துக்கொள்ளும் நகல்கள் இதற்கு மேல்.

இப்போது வோக்சலை அரை சென்டிமீட்டராக்குங்கள். அளவு பாதிதான், எண்ணிக்கையோ எட்டு மடங்கு. அதே பத்துச் சேனலுக்கு 13 ஜிபி. நேரம் எட்டு மடங்கோடு நிற்காது. வோக்சல் சிறுத்தால் நேரப்படியும் சிறுக்க வேண்டும் என்பதால் ஏறக்குறைய பதினாறு மடங்காகும். "கொஞ்சம் கூட்டிப் பார்க்கலாம்" என்று ரெசல்யூஷனை (ஒரு பக்கத்துக்கு எத்தனை வோக்சல் என்பதை) இரட்டிப்பாக்கிவிட்டுக் கணினி உறைந்துபோனது என்று வருபவர்கள் இந்தப் பெருக்கலைப் போட்டுப் பார்க்காதவர்கள்.

டொமைனில் காலியாகக் கிடக்கும் இடத்தை ஒதுக்கிவிட்டுப் புகை உள்ள பகுதியை மட்டும் கணக்கிடும் சால்வர்கள் இருக்கின்றன. ஹூடினியின் தீ, புகைக் கருவியான இன்றைய பைரோ அப்படிப்பட்டது. பிளெண்டரில் அடாப்டிவ் டொமைன் என்ற வசதி ஓரளவு இதைச் செய்யும். அவற்றுக்கு மேலே போட்ட கணக்கை உச்சவரம்பாக எடுத்துக்கொள்ளுங்கள்.

3. பட்டியலை மூன்றுக்குள் சுருக்குங்கள்

ஐந்தாறு மென்பொருள்களைச் சோதிக்கத் தொடங்கியவர் யாரும் முடித்து நான் பார்த்ததில்லை. ஷாட்டும் கணினியும் தெரிந்துவிட்டதால் இப்போது வெட்டுவது சுலபம்.

பிளெண்டர் இலவசம். அதன் உள்ளே இருப்பது மான்டாஃப்ளோ. 2020-இல் வந்த 2.82 பதிப்பிலிருந்து தீ, புகை, நீர் மூன்றுக்கும் அதுதான். பிராசசரில் மட்டுமே ஓடும், கிராபிக்ஸ் கார்டு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சிமுலேஷனுக்கு உதவாது. சின்னத் தீ, சின்னப் புகைக்குத் தாராளமாகப் போதும். நீர் விஷயத்தில் அவ்வளவு நம்பிக்கையாகச் சொல்ல மாட்டேன். பிளெண்டரிலேயே இருந்துகொண்டு நீர் செய்ய நினைப்பவர்கள் ஃபிளிப் ஃப்ளூயிட்ஸ் என்ற கட்டணத் துணைக்கருவியையும் பட்டியலில் சேர்க்கலாம்; அது நீருக்கு மட்டுமானது.

எம்பர்ஜென் தீ, புகை, வெடிப்புக்கானது. கிராபிக்ஸ் கார்டில் ஓடுவதால் எண்ணை மாற்றிய மறுகணமே திரையில் பார்க்கலாம். கார்டின் நினைவகத்துக்குள் அடங்குவதைத்தான் செய்ய முடியும் என்பது அந்த வேகத்துக்குக் கொடுக்கும் விலை. வீடியோ கேம்களுக்கான படத்தொடர் வேண்டும் என்றால் வேறெங்கும் தேட வேண்டாம்.

ஹூடினி எல்லாவற்றையும் செய்யும். கற்க மாதங்கள் ஆகும். இலவச அப்ரென்டிஸ் பதிப்பில் சோதிக்கலாம், ஆனால் ரெண்டரில் (இறுதிப் படத்தில்) வாட்டர்மார்க் வரும், பணம் வாங்கிச் செய்யும் வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது. இன்னொன்று: அப்ரென்டிஸில் சேமித்த கோப்பைப் பின்னால் கட்டணப் பதிப்பில் திறந்தால் அது வணிகக் கோப்பாக மாறிவிடாது. சோதனைக் கோப்பையே வளர்த்து நிஜ வேலைக்கு ஆக்கிக்கொள்ளலாம் என்று திட்டமிடாதீர்கள்.

நீங்கள் ஏற்கெனவே வேறொரு 3டி மென்பொருளில் வேலை செய்பவர் என்றால் அதற்குள் ஓடுவதை எடுங்கள். த்ரீடிஎஸ் மேக்ஸில் இருந்தால் ஃபீனிக்ஸ் அல்லது ஃப்யூம்எஃப்எக்ஸ். முன்னது தீ, நீர் இரண்டும். பின்னது தீ, புகை மட்டும். மாயாவில் இருந்தால் பைஃப்ராஸ்ட். சினிமா 4டி-யில் இருந்தால் அதன் பைரோ. இருக்கும் வீட்டைவிட்டு வெளியேறத் தக்க காரணம் வேண்டும். வேறு மென்பொருளிலிருந்து கோப்பைக் கொண்டுவரும் சிரமத்தைப் பத்தாம் படியில் பார்ப்பீர்கள்.

4. இரண்டு சோதனைக் காட்சிகள் கட்டுங்கள்

தீக்கு: மேலே சொன்ன 3 × 3 × 4.5 மீட்டர் டொமைன். தரையில் 50 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்ட எமிட்டர் (தீ கிளம்பும் இடம்). 1.5 மீட்டர் உயரத்தில் 40 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு பந்து, 48-ஆம் ஃபிரேமிலிருந்து 72 வரை தீயின் குறுக்கே 2.5 மீட்டர் தூரம் பாய்கிறது. நொடிக்கு 24 ஃபிரேம், மொத்தம் 120.

நீருக்கு: 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் உயரம் உள்ள தொட்டி. அதன் ஒரு முனையில் அரை மீட்டர் தடிமன், 1 மீட்டர் அகலம், 1 மீட்டர் உயரத்தில் நிற்கும் நீர்ச்சுவர், அதாவது 500 லிட்டர். நடுவில் 3 சென்டிமீட்டர் தடிமனுள்ள சிறு பலகை ஒன்றை நிறுத்துங்கள். 240 ஃபிரேம்.

இந்தக் காட்சிகளில் அழகு ஒன்றும் இல்லை. ஆனால் சரியான விடை என்ன என்பது இரண்டிலும் முன்கூட்டியே தெரியும். டிராகன் நெருப்பைக் கக்கும் காட்சியில் விடை சரியா தவறா என்று யாரால் சொல்ல முடியும்?

5. அளவு நிஜமா என்று பாருங்கள்

முதலில் ஈர்ப்பு. 1.2 மீட்டர் உயரத்திலிருந்து கொஞ்சம் நீரைத் தனியாக விழவிடுங்கள். அரை நொடியில், அதாவது 12-ஆவது ஃபிரேம் வாக்கில் தரையைத் தொட வேண்டும். 12 ஃபிரேமில் பாதித் தூரம்கூட வரவில்லை என்றால், அந்த மென்பொருள் உங்கள் அலகை வேறு மாதிரி புரிந்துகொள்கிறது. ஒன்றில் ஓர் அலகு மீட்டர், இன்னொன்றில் சென்டிமீட்டர். இதுதான் பெரும்பாலும் காரணம்.

அடுத்து தீ. வட்டமான தீ தொடர்ச்சியாக எரிவதில்லை. விட்டுவிட்டுப் புஸ் புஸ்ஸென்று எழும். நொடிக்கு எத்தனை முறை என்பதற்கு ஒரு எளிய அளவுகோல் உண்டு: 1.5-ஐ, மீட்டரில் உள்ள விட்டத்தின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். நம் எமிட்டர் அரை மீட்டர்; விடை ஏறக்குறைய 2.1. அப்படியானால் 11, 12 ஃபிரேமுக்கு ஒரு முறை தீ உப்பி எழுந்து பிரிய வேண்டும். வீடியோவை ஃபிரேம் ஃபிரேமாகத் தள்ளி எண்ணுங்கள். துல்லியமாகப் பொருந்தாது, 9 அல்லது 15 வந்தால் கவலை வேண்டாம். 40 வந்தால் உங்கள் தீ அரை மீட்டர் தீ இல்லை.

ஆரம்பத்தில் சொன்ன விறகுக் கதைக்கு விளக்கமும் இதுதான். பெரிய தீ மெதுவாகத்தான் அசையும். 8 மீட்டர் தீயை முகாம் தீ போலக் காட்டினால் கண் உடனே கண்டுபிடித்துவிடும்.

இந்தப் பொருத்தம் வராமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். டைம் ஸ்கேல் (சிமுலேஷனில் காலம் ஓடும் வேகம்) எண்ணைத் திருகிச் சமாளிப்பவர்கள் உண்டு. பின்னால் மோதும் பொருள் வரும்போது அது காலை வாரும்.

6. வோக்சல் அளவைச் சமமாக்குங்கள்

பிளெண்டரில் நீங்கள் கொடுக்கும் ரெசல்யூஷன் டிவிஷன்ஸ் என்பது டொமைனின் மிக நீளமான பக்கத்தில் எத்தனை வோக்சல் என்பது. ஹூடினி பைரோவிலோ வோக்சலின் அளவையே நேரடியாகக் கொடுக்கிறீர்கள். எனவே "இரண்டிலும் 150" என்று ஒப்பிடுவது அர்த்தமற்றது. நம் டொமைனின் நீளமான பக்கம் 4.5 மீட்டர், 3 சென்டிமீட்டர் வோக்சல் வேண்டும் என்றால் பிளெண்டரில் 150, ஹூடினியில் 0.03.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. புகை மேல்விளிம்பில் முட்டுகிறது என்று பிளெண்டரில் டொமைனை 9 மீட்டருக்கு உயர்த்துவீர்கள். 150 என்ற எண் அப்படியே இருக்கும். வோக்சலோ சத்தமில்லாமல் 6 சென்டிமீட்டராகிவிடும். "உயர்த்தியதும் புகை மொழுமொழுவென்று ஆகிவிட்டது" என்ற புகாருக்குப் பின்னால் கிட்டத்தட்ட எப்போதும் இதுதான் இருக்கும்.

நீரைத் துகள்களாகவும் கணக்கிடுவதால் அவற்றின் இடைவெளியையும் பாருங்கள். வோக்சலுக்கு எட்டுத் துகள் என்பது வழக்கமான கணக்கு. நம் 500 லிட்டருக்கு 2 சென்டிமீட்டர் வோக்சலில் 5 லட்சம் துகள், 1 சென்டிமீட்டரில் 40 லட்சம். இந்த எண்ணிக்கையை எல்லா மென்பொருளும் எங்காவது காட்டும். சமமாக்க அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

7. சப்ஸ்டெப் கொடுங்கள், ஆனால் காரணத்தோடு

சப்ஸ்டெப் என்பது ஒரு ஃபிரேமுக்குள் சால்வர் எத்தனை முறை கணக்கிடுகிறது என்பது. நம் பந்து ஒரு நொடியில் 2.5 மீட்டர் போகிறது. ஒரு ஃபிரேமுக்கு 10 சென்டிமீட்டருக்கும் சற்று அதிகம், அதாவது மூன்றரை வோக்சல். சால்வர் ஃபிரேமுக்கு ஒரு முறை மட்டும் பார்த்தால் பந்து இடையில் இருந்த வோக்சல்களைத் தாண்டிக் குதித்துவிடும். புகை கிழிவதற்குப் பதிலாக விட்டுவிட்டு ஓட்டை விழும். எமிட்டரே வேகமாக ஓடினால் புகை கோத்த மணி மாதிரி வரும். சப்ஸ்டெப்பை 2, 4 என்று ஏற்றி, ஓட்டை எங்கே மறைகிறது என்று குறியுங்கள். அந்த எண்ணிலேதான் நேரத்தை அளக்க வேண்டும்.

நீர்த் தொட்டியில் பலகை வழியே கசிகிறதா? அதற்குச் சப்ஸ்டெப் மட்டும் மருந்தல்ல. 3 சென்டிமீட்டர் பலகை 2 சென்டிமீட்டர் வோக்சலில் ஒன்றரை வோக்சல்தான். சால்வரின் கண்ணுக்கு அது சுவராகவே தெரியாமல் போகலாம். மோதும் பொருள் குறைந்தது இரண்டு மூன்று வோக்சல் தடிமன் இருக்க வேண்டும். ரெண்டரில் மெல்லிய பலகையைக் காட்டிவிட்டு, சிமுலேஷனுக்கு மறைவாக ஒரு தடித்த பலகையைக் கொடுப்பது எல்லாரும் செய்வதுதான்.

கடைசியில் நீர் மட்டத்தை அளங்கள். 500 லிட்டரை 2 சதுர மீட்டர் தரையில் பரப்பினால் 25 சென்டிமீட்டர். அலை அடங்கியபின் 20-இல் நின்றால் அந்த அமைப்பில் நீர் காணாமல் போகிறது. 30 என்றால் ஊதிப் பெருக்குகிறது. மெஷ்ஷின் (துகள்களின்மேல் போர்த்தும் வலைப்பரப்பின்) மேற்பரப்பு துகளின் பருமனைச் சேர்த்துக் காட்டும் என்பதால் துகள்களை வைத்தே அளங்கள்.

8. ஒரு முறை ரெசல்யூஷனை ஏற்றிப் பாருங்கள்

3 சென்டிமீட்டரில் பிடித்த வடிவம் 1.5-இல் அப்படியே வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். பெரிய வோக்சல் சின்னச் சுழல்களைத் தானாகவே தேய்த்துவிடும். வோக்சல் சிறுக்கும்போது அந்தச் சுழல்கள் உயிர்பெற்று, பெரிய வடிவத்தையும் இழுத்து மாற்றிவிடும். இது பிழையல்ல, எல்லாச் சால்வரிலும் நடக்கும். எவ்வளவு மாறுகிறது என்பதுதான் மென்பொருளுக்கு மென்பொருள் வேறுபடும். இயக்குநர் ஒப்புக்கொண்ட வடிவத்தைக் காப்பாற்ற வேண்டிய வேலை என்றால் இந்த ஒரு சோதனையே உங்கள் தேர்வை முடிவு செய்துவிடலாம்.

பிளெண்டரின் நாய்ஸ் வசதி போன்றவை, அடிப்படை வடிவத்தைத் தொடாமல் மேலே நுண்ணிய சுருள்களைச் சேர்க்கும். தூரத்து ஷாட்டில் யாருக்கும் தெரியாது. அருகில் வந்தால் தெரியும்.

9. கேஷ்

கோப்பை முதலில் சேமியுங்கள். சேமிக்காத பிளெண்டர் கோப்பில் கேஷ் தற்காலிக ஃபோல்டருக்குப் போய், ஓர் இரவு ஓடிய வேலை காலையில் காணாமல் போகும்.

அளவையும் முன்பே கணக்கிடலாம். 1 சென்டிமீட்டர் வோக்சலில் அடர்த்தி, வெப்பம், சுடர், வேகத்தின் மூன்று திசைகள் என ஆறு சேனலை 16 பிட்டில் எழுதினால் ஃபிரேமுக்கு அதிகபட்சம் 486 எம்பி. 120 ஃபிரேமுக்கு 58 ஜிபி. காலி இடத்தை எழுதாமல் விடுவதால் நிஜத்தில் இதைவிட நன்றாகவே குறையும். ஆனாலும் நான்கு முயற்சியைச் சேர்த்து வைத்தால் வட்டு நிறைந்துவிடும். ரெண்டருக்குத் தேவையில்லாத சேனலை எழுதாதீர்கள். வேகத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள், மோஷன் பிளருக்கு (வேகமாக நகர்வது மங்கலாகத் தெரிவதற்கு) அது வேண்டும்.

நடுவில் நிறுத்திவிட்டுத் தொடர முடிகிறதா என்று 60-ஆவது ஃபிரேமில் வேண்டுமென்றே நிறுத்திப் பாருங்கள். பிளெண்டரில் இதற்கென ரிஸ்யூமபிள் என்ற தேர்வை முன்கூட்டியே போட்டிருக்க வேண்டும், கேஷ் பெரிதாகும்.

10. வெளியே எடுத்து வேறொன்றில் திறங்கள்

புகைக்கும் தீக்கும் ஓப்பன்விடிபி கோப்புதான் பொது மொழி. ஆனாலும் மூன்று இடத்தில் இடறும்.

அச்சு: பிளெண்டரில் மேல்திசை இசட், ஹூடினியிலும் மாயாவிலும் ஒய். புகை படுத்துக்கொண்டு வந்தால் இதுதான். அலகு: நூறு மடங்கு பெரிதாகவோ சிறிதாகவோ வந்தால் மீட்டர், சென்டிமீட்டர் சண்டை. பெயர்: ஒரு மென்பொருள் வேகத்தை "வெல்" என்று எழுதும், இன்னொன்று "வெலாசிட்டி" என்று தேடும், சில மூன்று திசையையும் தனித்தனியாக எழுதும். பெயர் பொருந்தாவிட்டால் பிழைச்செய்திகூட வராது. சுடரின் பெயர் தவறினால் தீ கறுப்பாக ரெண்டர் ஆகும், அவ்வளவுதான்.

நீருக்கு மெஷ்ஷை அலெம்பிக் என்ற கோப்பு வடிவில் அனுப்புங்கள். ஒவ்வொரு ஃபிரேமிலும் முனைகளின் எண்ணிக்கை மாறுவதால், ரெண்டரரால் முன்பின் ஃபிரேமை ஒப்பிட்டு மோஷன் பிளர் போட முடியாது. ஒவ்வொரு முனையிலும் வேகத்தைச் சேர்த்து அனுப்பியிருக்க வேண்டும். இதை மறந்தவர்கள் ரெண்டர் முடிந்தபின் மீண்டும் முதலிலிருந்து வருவார்கள்.

11. முதல் ஒப்பீட்டைச் சாம்பல் நிறத்தில் செய்யுங்கள்

தீயின் அழகில் பெரும்பங்கு ஷேடருடையது. வெப்பத்தை எந்த நிறமாக்குவது, எங்கே வெட்டுவது, எவ்வளவு ஒளிர்வது எல்லாமே சிமுலேஷன் முடிந்தபின் நடப்பவை. ஒவ்வொரு மென்பொருளும் தன் இயல்பு ஷேடரை அலங்கரித்தே வைத்திருக்கும். அதைப் பார்த்துச் சால்வரை எடைபோடக் கூடாது.

எனவே எல்லா விடிபி கோப்புகளையும் ஒரே ரெண்டரருக்குக் கொண்டுவாருங்கள். ஒரே விளக்கு, பக்கவாட்டிலிருந்து. சுடரை அணைத்துவிட்டு அடர்த்தியை மட்டும் வெறும் சாம்பல் புகையாக ரெண்டர் செய்யுங்கள். பந்து கடந்தபின் 75-ஆவது ஃபிரேமில் நிறுத்தி, பந்துக்குப் பின்னால் சுழல் உருள்கிறதா, புகை பந்தை ஒட்டி வழிகிறதா, ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். வண்ணத்தில் ஜெயித்த மென்பொருள் இங்கே தோற்பதைப் பல முறை பார்த்திருக்கிறேன்.

12. ஒரு நாளில் எத்தனை முறை தப்புச் செய்ய முடிகிறது?

இப்போது விரிதாளைத் திறங்கள். ஒரு ஃபிரேமுக்கு எத்தனை நொடி என்பதை எல்லாரும் பார்ப்பார்கள். நான் பார்ப்பது வேறு: ஓர் எண்ணை மாற்றி, ஓட்டி, முடிவைக் கண்ணால் பார்த்து, மறுபடி மாற்றுவது ஒரு வேலை நாளில் எத்தனை தடவை நடந்தது? தேடுவது, கற்பது, ஏற்றுமதி செய்வது, தொங்கிப்போய் மறுதொடக்கம் செய்வது எல்லாம் இந்த எண்ணுக்குள் தானாக வந்துவிடும். நல்ல தீ முதல் முயற்சியில் வருவதில்லை. நாளுக்கு மூன்று முயற்சி தரும் அற்புதமான சால்வரைவிட, முப்பது முயற்சி தரும் சுமாரான சால்வரில் நல்ல ஷாட் வரும் வாய்ப்பு அதிகம்.

எதுவும் தொடாத வெடிப்பு, தனியே எரியும் தீ என்றால் இந்தக் கணக்கில் எம்பர்ஜென்னை முந்துவது கடினம். நகரும் பாத்திரம் நீருக்குள் இறங்கி ஏறும் ஷாட் என்றால் முயற்சி எண்ணிக்கை குறைந்தாலும் ஹூடினியைத்தான் சொல்வேன். ஏழாம் படியில் கசிவும் மட்டமும் சரியாக வராத மென்பொருளில் முப்பது முறை முயன்றும் பயனில்லை. ஒரே ஒரு ஷாட், சின்னத் தீ, ஏற்கெனவே பிளெண்டர் தெரியும் என்றால் அங்கேயே இருங்கள்.

ஒரே மென்பொருளில்தான் எல்லாம் செய்ய வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பத்தாம் படியில் கோப்பு ஒழுங்காகத் திறந்திருந்தால் தீயை ஒன்றிலும் நீரை இன்னொன்றிலும் செய்யலாம்.

சோதனைக் கோப்புகளை அழித்துவிடாதீர்கள். புதிய பதிப்பு வரும்போது அதே பந்தையும் அதே தொட்டியையும் மறுபடி ஓட்டிப் பார்க்க அரை நாள் போதும்.